ஐந்நூறாவது பறவை

மார்ச் 9, சனி

பயோம் கொல்லையில் துணி காயப்போட்டபடி கூப்பிட்டாள். "ஏங்க, முருங்கையில ஒரு குயில் உக்காந்திருக்கு, நெஞ்செல்லாம் ஊதா. வந்து பாருங்க!"

ஓடினேன். ஊதாக்குயில்! இருபத்தாறு வருஷமாக நான் அதைத் தேடாத காடில்லை. அவளுக்கு மட்டும் கொல்லைக்கே வந்து தரிசனம் தருகிறது. நான் பார்த்த பறவைகளின் பட்டியலில் இப்போது 499.

சந்தோஷமாக இல்லை. வயிறு எரிகிறது. கட்டின பெண்டாட்டி மேலேயே பொறாமைப்படுகிற ஆள் என்னைத் தவிர எவனாவது உண்டா?

மார்ச் 10

நில அளவை ஆபீஸிலிருந்து போன வருஷம் ஓய்வு பெற்றேன். அதிலிருந்துதான் பயோமும் பறவை பார்க்கக் கூட வருகிறாள், சோறு கட்டிக்கொண்டு. பைனாகுலர் தொட மாட்டாள். குறிப்பு எழுத மாட்டாள். "அதான் பார்த்தாச்சே, எழுதி என்ன செய்ய?" என்கிறாள். எரிச்சலாக வருகிறது.

மார்ச் 17, ஞாயிறு

காட்டோரம் துவான் மாமாவின் தோட்டம். கோடையில் பறவைகள் குளிக்க ஒரு குழியில் தண்ணீர் விட்டு, எதிரே பச்சைத் துணி கட்டி மறைவு போட்டிருக்கிறார். உள்ளே பேசக் கூடாது. எதையாவது பார்த்தால் பக்கத்து ஆளை முழங்கையால் இடிக்க வேண்டும்.

என்ன வெயில்! மதியம் ஒட்டரிசிச் சோறும் கருவாடும் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. ஐந்து மணிவாக்கில் கண் அசந்துவிட்டேன். விழித்தபோது குழியில் ஒன்றுமில்லை. பயோம் காதருகே கிசுகிசுத்தாள்: "பழுப்பா, குண்டா இருந்துச்சு. காதோரம் ரெண்டு வெள்ளை இறகு, கொம்பு மாதிரி. என்னையே பார்த்துக்கிட்டுக் குளிச்சுது."

கொம்பு! புத்தகத்தைப் புரட்டிக் காட்டினேன். "இதேதாங்க" என்றாள். காதுப் பிட்டா. என் ஐந்நூறாவதாக இருந்திருக்க வேண்டியது. அதன் பெயர்கூட இவளுக்குத் தெரியாது. அழுகையே வந்துவிட்டது.

"எழுப்பியிருக்கலாம்ல?"

"மூணு தடவ இடிச்சேன். குறட்டைதான் வந்துச்சு."

காரில் திரும்பும் வழியில் எங்கள் பறவைச் சங்கச் செயலாளர் கம்போன் போன் செய்தான். "தவாட் அண்ணே, இன்னைக்கு ஏதாவது மாட்டுச்சா?" "காதுப் பிட்டா பார்த்துட்டேன்டா" — வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. பயோம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 18

500. எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

சங்கக் கூட்டம். எங்கள் சங்கத்தில் யாரும் சாட்சி கேட்பதில்லை, சொன்னால் சொன்னதுதான். ஐந்நூறு தொட்டவனுக்கு மல்லிகைச் சரம் கொடுத்து, எழுந்து நின்று கதை சொல்லச் சொல்வார்கள். சொன்னேன். பழுப்பு, குண்டு, கொம்பு. "என்னையே பார்த்துக்கிட்டுக் குளிச்சுது" என்றுகூடச் சொன்னேன். என்ன வெட்கங்கெட்ட ஜென்மம் நான்!

கம்போன் பயோமிடம் திரும்பினான். "அக்கா, நீங்களும் கூடத்தானே இருந்தீங்க?"

நான் மல்லிகைச் சரத்தை விரலால் உருட்ட ஆரம்பித்தேன்.

"நான் எங்கப்பா பார்த்தேன்? நல்லாத் தூங்கிட்டேன். மூணு தடவ இடிச்சாராம். குறட்டைதான் வந்துச்சாம்." எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

காரில் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று. "உங்களுக்கு அது வேணும்னு இருந்துச்சு. எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல."

பறவையையும் பார்த்துவிட்டாள், விட்டும் கொடுத்துவிட்டாள். இரண்டில் ஒன்றுகூட எனக்கு வாய்க்கவில்லை. இப்போது இதற்கும் சேர்த்து எரிகிறது.

ஏப்ரல் 13

சொங்கிரான் புத்தாண்டு. தெருவெல்லாம் தண்ணீர், கூச்சல். கொல்லையில் துணி எடுக்கப் போனவள் முருங்கையை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். தனக்குள் சிரித்துக்கொண்டாள். பிறகு உள்ளே வந்துவிட்டாள்.

என்னைக் கூப்பிடவில்லை. என்ன பறவையாக இருக்கும்? கேட்க வாய் வரவில்லை.

ஏப்ரல் 20

நாளைக்குத் தோட்டத்துக்குப் போகலாமா என்று கேட்டேன். "அதான் ஐந்நூறு ஆயிடுச்சே. இந்த வெயில்ல நான் வரலீங்க."

ஏப்ரல் 21, ஞாயிறு

தனியாகப் போனேன். தூங்கிவிடக் கூடாதென்று மதியம் சாப்பிடவில்லை.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மூங்கில் சருகு அசைந்தது. வந்தது. சாட்சாத் அதேதான்! தண்ணீரில் இறங்கி, தலையை முக்கி முக்கி எடுத்தது. கொம்பிலிருந்து நீர் சொட்டியது. பக்கத்தில் முழங்கையால் இடித்தேன். பயோம் உட்காரும் முக்காலி காலியாக இருந்தது.

பதினோரு நிமிஷம் பார்த்தேன். அது போன பிறகு நோட்டைத் திறந்தேன். எந்த எண் போடுவது? காதுப் பிட்டா ஏற்கெனவே அதில் இருக்கிறது, என் கையெழுத்திலேயே. மூடிவிட்டேன்.

வீட்டில் பயோம் மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்: "பயோம், பார்த்துட்டேன். காதுப் பிட்டா. குளிச்சுது. பதினோரு நிமிஷம்!"

நிமிர்ந்தாள். முகத்தில் கிண்டல் இல்லை, கோபம்கூட இல்லை.

"அதைத்தான் போன மாசமே பார்த்துட்டீங்களே" என்றாள். மாங்காய்த் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, கத்தியைக் கழுவ எழுந்து போனாள்.