சுமதி பிடித்த விரதம்

ஓகஸ்ட் 2, புதன்
இந்த நாட்டில் ஓகஸ்ட் என்றால் சரியான குளிர். விடிய எழும்பிப் பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளை. நாளை ஆடி அமாவாசை. தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பிய பஞ்சாங்கத்தில் வட்டம் போட்டு வைத்தது நல்லதாயிற்று. இவர் ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து நாள் கிழமை பிடிபடுவதில்லை. நெஞ்சு ஒப்பரேஷன் திங்கட்கிழமை.

வாங்க: பூசணி, பயறு, தயிர், இவருக்குச் சவர பிளேட். விரதத்துக்குக் காத்தோட்டிக்காய் வேண்டும். மெரிலேண்ட்ஸில் எங்கே போவது! அப்பா மன்னிப்பார்.

பின்னேரம் வார்டில் இவர் சுமதிக்கு பியூஸ் கம்பி மாற்றும் விதம் தாளில் கீறிக் காட்டினார். "முதல்ல மெயினை நிப்பாட்டோணும். பிறகுதான் கை வைக்கிறது." பதினொரு வயதுப் பிள்ளைக்கு இது என்னத்துக்கு? எரிச்சல் வந்தது. ஏன் இப்போது சொல்லிக் கொடுக்கிறார் என்று விளங்கியதால் வந்த எரிச்சல்.

வீட்டில் என் பாடம். தலைமுழுக வேண்டும், மச்சம் மாமிசம் கூடாது, மத்தியானம் படைத்த பிறகுதான் சாப்பாடு.
"ஆருக்கு அம்மா பிடிக்கிறியள்?"
"என்ரை அப்பாவுக்கு."
எல்லாம் சொன்னேன் என்றுதான் நினைத்தேன்.

ஓகஸ்ட் 3, வியாழன்
லீவு. சமைத்துப் படைத்தேன். காகத்துக்கு வைத்த சோற்றை இந்த ஊர் மக்பைக் குருவி வந்து தின்றது.

மூன்றரைக்குச் சுமதி பள்ளியால் வந்தாள். சாப்பாட்டுப் பெட்டி அப்படியே. காலையில் ஊற்றின பாலும் சிங்கில். கேட்டால் முகம் முழுக்கப் பெருமை.
"நானும் விரதம். அப்பாவுக்கு. ஒப்பரேஷனுக்கு."

தகப்பன் செத்த பிள்ளைகள் பிடிக்கிற விரதம்!
"கொப்பர் உயிரோட இருக்கேக்க அவருக்கு அமாவாசை பிடிப்பியோடி? அவரைச் சாக்காட்டப் போறியோ?"
அறைந்துவிட்டேன். பிறகு சோற்றைக் குழைத்து வாயில் திணித்தேன், விரதம் முறியட்டும் என்று. விக்கி விக்கித் தின்றாள்.

ஊரில் இதை ஒருவரும் சொல்லித் தருவதில்லை. ஆர் பிடிக்கிறார்கள், ஆர் பிடிப்பதில்லை என்று கண்டு வளர்கிறோம். இங்கே அவள் கண்டது என்னை மட்டும். எப்படிப் பிடிப்பது என்று சொன்ன நான், ஆர் பிடிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. பிழை என்னுடையது. அடி அவளுக்கு.

ஓகஸ்ட் 4, வெள்ளி
வேலை. விரதமெல்லாம் தெரிந்த பென்டில் ஹில் பவளமக்காவுக்கு போன் எடுத்துச் சொன்னேன். "சின்னப்பிள்ளை பிடிச்சது கணக்கில்லையடி. ஆனாலும் கடவுளிட்டை மன்னிப்புக் கேட்டுவிடு." அந்த ஆனாலும் காதை விட்டுப் போகுதில்லை.

ஓகஸ்ட் 6, ஞாயிறு
வார்டில் சுமதி தானே தகப்பனிடம் சொல்லிவிட்டாள். சொல்லாதே என்றுதான் கூட்டிப் போனேன். இவர் சிரித்தார். "நீ பட்டினி கிடந்தா எனக்கேன் சாவு வருது? பசியெல்லோ வரும்!"
அவள் தண்ணீர் எடுக்கப் போனதும் சிரிப்பு நின்றது. "பிழையில்லை எண்டு நீ சொல்லு. நான் சொன்னா விளையாட்டு எண்டு நினைப்பாள்."
வீட்டை போய்ச் சொல்கிறேன் என்றேன். வீட்டில் உடுப்புத் தோய்ச்சல், யூனிபோர்ம் அயன் பண்ணுதல். நாளைக்கு எல்லாம் நல்லபடி முடிந்ததும் சொல்வோம்.

ஓகஸ்ட் 7, திங்கள்
இவர் போய்விட்டார். ஒப்பரேஷன் மேசையிலேயே. பதினொன்றேகால்.

ஓகஸ்ட் 11, வெள்ளி
நேற்று எரித்தாயிற்று. தம்பிக்குத் தந்தி போனது. இவருடைய சப்பாத்து இன்னும் வாசலில்.

சுமதி அழவில்லை. தின்கிறாள். ஆர் என்ன கொடுத்தாலும் மறுப்பதில்லை. வயிறு நிறைந்தும் தின்று, சத்தி எடுத்து, வாய் கொப்பளித்துவிட்டுத் திரும்ப வந்து சோற்றுக் கோப்பையைத் துடைத்துத் தின்கிறாள். வந்த சனம், "பாவம், பிள்ளை நல்லாச் சாப்பிடுது" என்கிறது. எனக்குத் தெரியும். இனி ஒரு நேரம் சாப்பாட்டை விட்டால் அம்மாவும் போய்விடுவாள் என்ற பயம். அந்தப் பயத்தைக் கொடுத்தவள் நான்.

உன்னால் இல்லை என்று சொல்ல வாய் திறக்கிறேன், வருகுதில்லை. எனக்குள்ளேயே ஒரு மூலை அவளால்தான் என்கிறது. இதை எழுதுகிற கையை வெட்ட வேண்டும்.

ஓகஸ்ட் 13, ஞாயிறு
மழை. பின்னேரம் ஹீட்டர் போட்டதும் பியூஸ் போய்விட்டது. நான் மேசையில் தலை வைத்துக் கிடந்தேன். சுமதி தகப்பன் கீறின தாளை எடுத்தாள். கதிரையைப் பியூஸ் பெட்டியடிக்கு இழுத்துப் போய் வைத்து, மெயினை நிப்பாட்டி, டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கம்பி சுற்றினாள். வெளிச்சம் வந்தது. பிழையில்லாமல் படித்திருக்கிறாள்.

அப்போது சொன்னேன். "அப்பா போனது உன்னால இல்லையடி, குஞ்சு. அம்மா கோவத்தில வாயில வந்ததைச் சொல்லிப்போட்டன்."

தலையாட்டினாள். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள். கதிரையைக் குசினிச் சாப்பாட்டு மேசையடிக்குத் திரும்பக் கொண்டுபோய் வைத்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப, அடுத்த அமாவாசைக்கு நான் பிடிக்கலாம்தானே, அம்மா?"

ஓம் என்றேன்.