உனக்காக வைத்திருக்கும் கோபம்

அன்புள்ள அக்காவுக்கு,

வரும் ஞாயிறு எனக்கு ஞானஸ்நானம். "முங்கி எழுந்ததும் முதுகுல றெக்கை முளைச்சிடுமா?" என்று நான் வேலை பார்க்கும் பேக்கரியில் மாவு பிசையும் அண்ணன் கிண்டல் செய்கிறார். எனக்கோ சிரிப்பு வரவில்லை.

"ஒரே நாள்ல யாரும் பரிசுத்தமாகறதில்லம்மா. உள்ள இருக்கற கசப்பை ஆவியானவர் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துடுவார்" என்றார் பாஸ்டர். அதுதான் என் பயமே.

நீ கல்யாணம் செய்துகொண்டு போன அன்று அப்பா உன் துணிகளை எல்லாம் எரித்தார். அன்றிலிருந்து அவரோடு நான் பேசுவதில்லை. இந்த வீட்டில் உனக்கென்று மிச்சம் இருப்பது என் கோபம் மட்டும்தான்.

நேற்று அவர் விடாமல் இருமியபோது, என்னையறியாமல் வெந்நீர் கொண்டுபோய் வைத்துவிட்டேன், அக்கா.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன் ஒருமுறை வா. அவரை மன்னித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

இன்னும் உன் பக்கமே நிற்கும்,
உன் ஊமைக்கோட்டான்