அவளுடைய அறுபத்திரண்டு இசைத்தட்டுகள்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் பல் துலக்குவதற்கு முன்பே அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். இசைத்தட்டுகள் அடுக்கியிருக்கும் நீளம் சரியாக ஓரடி. என் வீட்டில் அவளுக்கு இன்னும் இருக்கிற இடம் அவ்வளவுதான். ஓரடிக்கா இவ்வளவு எரிச்சல்?

அவள் என்றால் இவருடைய முதல் மனைவி. அவர்கள் பிரிந்து பதினாறு வருடம். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினொன்று. நேற்று போன் செய்தாளாம். சொந்த வீட்டுக்கு வந்துவிட்டாளாம், ரிக்கார்டுகளை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாளாம். இவர் தலையைச் சொறிந்தார். "காப்பி பண்ணி வச்சுட்டுக் குடுத்துடலாமா?" நான் பண்ணித் தருகிறேன் என்று முந்திக்கொண்டேன். எப்படியோ ஓரடி காலியாகட்டும்.

மார்ச் 7, வெள்ளி

வெள்ளி மாலை அவருடைய நேரம். ஆறு மணிக்குச் சாய்வு நாற்காலி, இசைத்தட்டு, மூடிய கண். முகத்தில் ஓர் அமைதி. என்னோடு உட்கார்ந்திருக்கும்போது அந்த முகம் வந்ததே இல்லை. பதினொரு வருடமாக வெள்ளிதோறும் நான் சமையலறையில் பாத்திரத்தை உருட்டுகிறேன். வேண்டுமென்றேதான்.

அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு உயர்தர டிஜிட்டல் பிளேயர் வாங்கிக் கொடுத்தேன். கீறல் இல்லை, இரைச்சல் இல்லை. "சூப்பரா இருக்கும்மா. ஆனா ரிக்கார்டுல ஒரு இது இருக்கு" என்றார். எது? ஆஸ்பத்திரியில் காது சோதிப்பது என் வேலை. இவர் காதுக்கு எது எட்டும், எது எட்டாது என்று வரைபடமே போட்டு வைத்திருக்கிறேன். அந்த 'இது' காதில் இல்லை. பின்னே எங்கே? அதைத்தான் என்னால் அவரிடம் கேட்க முடியவில்லை.

மார்ச் 11

டிஜிட்டலாக மாற்றுவது இப்படி ஒரு தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. காகிதத்தை நகலெடுப்பதுபோல நொடியில் ஆகாது. தட்டு முழுக்க ஓட வேண்டும். கணினி கூடவே பதிந்துகொண்டு வரும். ஒரு பக்கம் இருபது நிமிடம், எழுந்து திருப்பிப் போட்டால் இன்னொரு இருபது. மூன்று மணிக்கு வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு இரண்டு தட்டு. அவளை வீட்டைவிட்டு அனுப்ப வேண்டுமென்றால் அவள் கேட்டதையெல்லாம் நான் கேட்டாக வேண்டும்!

தங்கையிடம் போனில் புலம்பினேன். "ஏக்கா, சக்களத்திகிட்ட சண்டை போடுறவங்களப் பாத்திருக்கேன். நீ பிளேட்டுகிட்டல்ல போடுற" என்றாள்.

மார்ச் 15

பதினாறு தட்டு ஆயிற்று. எல்லாம் வயலின், வயலின், வயலின்.

மார்ச் 20

உறையில் எழுத்து. தட்டைச் சுற்றியிருக்கும் வெள்ளைக் காகித உறையின் மூலையில், பென்சிலால், பொடிப்பொடியாக. இத்தனை நாள் அழுக்கு என்று நினைத்திருந்தேன். தேதி, பக்கத்தில் எப்போதும் 'வெள்ளி', அதற்குக் கீழே ஒரு வரி.

"மழை. இரண்டாவது பாட்டு மழைக்கு ஆகவில்லை."

"இந்த வயலின்காரருக்கு என்ன அவசரம், ரயிலைப் பிடிக்க வேண்டுமா?"

சிரித்துவிட்டேன். உடனே கோபம் வந்தது. அவள் வேடிக்கையாகப் பேசுகிறவள் என்று இவர் ஒரு நாளும் சொன்னதில்லை. ஏன் சொல்லல? நான் எப்பக் கேட்டேன்?

அப்படியென்றால் வெள்ளிக்கிழமைகளும் அவளுடையவை.

மார்ச் 24

மீதி உறைகளையும் உருவிப் படித்துவிட்டேன். திருட்டுப் படிப்புதான். நாற்பதுக்கு மேற்பட்ட உறைகளில் ஒரே வரி: "அவர் தூங்கிவிட்டார்." ஒன்றில், "முதல் பக்கம் முடிவதற்குள்." இன்னொன்றில், "குறட்டை சுருதி சேர்கிறது."

இருக்காது.

மார்ச் 28, வெள்ளி

ஆறு மணி. நாற்காலி, மூடிய கண், அந்த முகம். இன்று பாத்திரத்தை உருட்டவில்லை. பத்து நிமிடம் கழித்துப் போய் ஊசியைத் தூக்கினேன். அசைவில்லை. அதே பாட்டை டிஜிட்டலில் போட்டேன். அசைவில்லை. அதையும் நிறுத்திவிட்டுக் குனிந்தேன் — நல்ல சீரான மூச்சு.

தோளைத் தொட்டு எழுப்பினேன். "எப்படிங்க இருந்துச்சு?"

"அருமை. என்ன இருந்தாலும் ரிக்கார்டு ரிக்கார்டுதான்."

பதினொரு வருஷம்! ஒரு மனுஷன் தூங்குறதப் பாத்தா வயிறெரிஞ்சேன்? சிரிக்கத்தானே வேணும். ஏன் அழுகை வருது?

ஏப்ரல் 2

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பொறாமை எழுந்து போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

இவர் குறட்டை விட, அவள் ஒரே பக்கத்தை நான்கு வெள்ளி தொடர்ந்து கேட்டிருக்கிறாள். முதல் வாரம்: "ஒன்றும் புரியவில்லை." நான்காம் வாரம்: "அந்த மூன்றாவது நிமிடம். ஐயோ." நானும் நான்கு முறை போட்டேன். தட்டில் இரண்டு, என் பதிவில் இரண்டு. பதிவுதான் தெளிவு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டிலுமே எனக்கு அது வெறும் மூன்றாவது நிமிடம். நாள் முழுக்க ஊரார் காதைச் சோதிக்கிறேன். எனக்கு என்ன காது வாய்த்திருக்கிறது? அவளுக்கு மட்டும் எப்படி?

ஏப்ரல் 5

ஏழாவது தடவை. கேட்டுவிட்டது. வயலின் சட்டென்று நின்றுவிடுகிறது. தாளம் தனியாக நடக்கிறது. திரும்பி வரும்போது அந்த வயலின் வேறு ஆளாக வருகிறது. கை சிலிர்த்துவிட்டது.

இவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அப்படியா? நல்லாருக்குமே" என்று செய்தித்தாளைத் திருப்பினார்.

இதைச் சொல்ல இந்த ஊரில் ஒரே ஒருத்திதான் இருக்கிறாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வந்தாள். என்னைவிடக் குள்ளம். நரையை மறைக்கவில்லை. நான் நேற்றே சாயம் பூசி உட்கார்ந்திருந்தேன்.

"என்ன, தொப்பை போட்டாச்சா?" என்று இவரைக் கேட்டாள். இவர் அசட்டுச் சிரிப்போடு பெட்டிகளைக் காரில் ஏற்றப் போனார். கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும்.

"இனிமே வீட்லயே நல்லா ரிக்கார்டு கேக்கலாம்" என்றேன், பேச்சுக்கு.

"என்கிட்ட பிளேயரே இல்லைங்க. கம்ப்யூட்டர்லதான் கேக்கறேன், சுத்தமா இருக்கு. இதை யாரு துடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறது?"

"பின்ன எதுக்கு...?"

"உறையில ஏதேதோ கிறுக்கி வச்சிருக்கேன். அதுக்குத்தான்." என் பக்கம் திரும்பினாள். "படிச்சீங்களா?"

"இல்லையே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? ஒரு மாசமா அவ எழுத்துலயே குடியிருந்துட்டு?

"ஓ" என்றாள். முகம் லேசாக வாடியது. சத்தம் கேட்டதா இல்லையா என்று நோயாளியின் முகம் பார்ப்பதுதான் என் பிழைப்பு, தப்பாக இருக்காது. யாராவது படித்திருக்க மாட்டார்களா என்று கேட்ட முகம் அது. "புது வீட்டுப் பக்கம் வந்தா வாங்க" என்று முகவரியை எழுதி வைத்துவிட்டுப் போனாள்.

காலி அலமாரியைப் பார்த்து இவர் சொன்னார்: "இனிமே டிஜிட்டல்லயே கேட்டுக்கிறேம்மா. எல்லாம் ஒண்ணுதான்."

வருகிற வெள்ளி, இவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியதும் கிளம்பப் போகிறேன். இரண்டு பஸ் மாற வேண்டும். பொய் சொன்னேன், ஒரு வரி விடாமல் படித்தேன் என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட வேண்டும். உள்ளே கூப்பிடுவாளா தெரியாது. கூப்பிட்டால், இவர் கண் விழிப்பதற்குள் நான் திரும்ப முடியாது.

பரவாயில்லை.