மல்லியின் முதுகில் ஒரு கோடு

ஏனுங்க,

அங்கே சௌக்கியமாக இருக்கிறீர்களா? நீங்கள் கண்ணை மூடி ஆறு மாதமாகிறது. உங்கள் சட்டை இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது, பையில் அந்த மார்க்கிங் சாக்பீஸோடு. துவைக்க எனக்கு மனசு வரவில்லை.

நம் குதிரைக்கு மல்லி பிறந்த மூன்றாம் நாளே, குட்டியின் முதுகு நேராக இல்லை என்று கண்டுபிடித்தது நீங்கள்தான். பனியன் கம்பெனியில் இருபது வருஷம் தையல் கோணலைத் தேடி செக்கிங் பார்த்த கண் அல்லவா! முதுகெலும்பின் மேல் விரலை ஓட்டி, சாக்பீஸால் கோடு இழுத்தீர்கள். நடுவில் அது ஒரு பக்கமாக ஒதுங்கியது.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டரும் அதையேதான் சொன்னார். "பிறவியிலேயே ரெண்டு எலும்பு சரியா உருவாகலீங்க. ஓடியாடித் திரியும். முதுகுல மட்டும் ஆள ஏத்தீராதீங்க, காலு வெளங்காமப் போயிரும்." அன்றிலிருந்து மாசாமாசம் கோடு போட்டு, வளைவு கூடுகிறதா என்று பார்த்தீர்கள்.

தெருவே, சுழி சரியில்லாத ராசிகெட்ட குதிரை என்றது. விற்றுத் தொலையுங்கள் என்று நானும் நச்சரித்தேன். மல்லி வளர்ந்ததும் சவாரிக்கென்று விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தாரே, அவர் வருமுன் ஈரத்துணியால் கோட்டைத் துடைத்தது நான்தான். நீங்கள் சாக்பீஸை எடுத்தீர்கள். அவர் கண்ணெதிரே மறுபடியும் போட்டீர்கள். "பாருங்க, பிறவி வளைவுங்க. சவாரிக்கு ஆகாதுங்க."

இப்படியும் ஒரு மனுஷனா என்று தலையில் அடித்துக்கொண்டேன். இன்று அதையே ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிகிறேன்.

போன வாரம் என் தம்பி வந்தான், மகன் கல்யாணத்துக்கு மல்லியைக் கேட்டு. "மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குடுக்கா. அரை மணி நேரந்தான். பாத்தா நல்லாத்தான நிக்குது?"

உங்கள் சட்டைப்பையில் கையை விட்டேன். சாக்பீஸை எடுத்து மல்லியின் முதுகில் நானே கோடு போட்டேன், உங்கள் கோடு மாதிரி சுத்தமாக வரவில்லை. ஆனால் வளைவு தெரிந்தது.

"கூடப் பொறந்தவன விட உனக்குக் குதிர பெருசாப் போச்சா?" என்று காப்பி கூடக் குடிக்காமல் போய்விட்டான். கல்யாணத்துக்குக் கூப்பிடுவானோ என்னவோ. உட்கார்ந்து அழுதேன். மல்லிக்கு அதெல்லாம் என்ன தெரியும்? கொள்ளு கேட்டுக் கனைத்தாள்.

நான் இருக்கும்வரை அவள் முதுகில் யாரும் ஏற மாட்டார்கள். யார் வந்து கேட்டாலும் கோடு போட்டுக் காட்டுவேன். இது சத்தியமுங்க.

அன்று கோட்டைத் துடைத்த,
உங்கள் வீட்டுக்காரி
பெருமாநல்லூர்