சைரனும் பாயசமும்

ஜனவரி 21, செவ்வாய்

மேலக்கடவு அணைக்குத் தொண்ணூறு வயதாம். அதற்கு ஒரு விழாக் கமிட்டி, கமிட்டிக்கு என் ஆத்துக்காரர் ஸ்ரீநிவாஸ் தலைவர். பேங்கிலிருந்து ரிட்டயர் ஆன நாள் முதல் ஒரு மைக் கிடைக்காதா என்று அலைந்தவர். இப்போது குளியலறையில்கூடப் பிரசங்கம். மகாராஜா காலத்துக் கருங்கல் என்று ஆரம்பித்தால் நிற்பதில்லை. அணைக்கு வெள்ளையடித்து, நீல விளக்குப் போட்டு, நடுவில் ஒரு ஃபிளக்ஸ். அதில் இவர் பல் முழுக்கத் தெரியச் சிரிக்கிறார்.

அணைக்குக் கீழே கடவில், ஆற்றுப் படித்துறையில், பொன்னம்மை ஹோட்டல் விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தாள். வள்ளியூர்ப் பக்கத்துக்காரி. நான் தினமும் ஆற்றில் குளிக்கப் போவதே பாதி அவளோடு பேசத்தான். "மாமி, சார் மூக்கு மேல காக்கா பேண்டிருக்கு" என்றாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஜனவரி 30, வியாழன்

ஷட்டர் தூக்கும் முன் சைரன் ஊதுவார்கள். கேட்டால் கடவில் இருப்பவர்கள் மேலே ஏறிவிட வேண்டும். சைரன் வேலை செய்கிறதா என்று மாதம் ஒரு தடவை ஊதிப் பார்ப்பதும் உண்டு. கமிட்டியோ மாதாமாதம் முதல் ஞாயிறு கடவு மண்டபத்தில் பாயசம் கொடுக்கப் போகிறது. இவர் அணை ஆபீசில் போய்ப் பேசி, இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

"எப்படியும் ஊதத்தானே போறா? பாயசத்துக்கு ஊதினதா இருந்துட்டுப் போறது."

"ஓடச் சொல்லி ஊதறதை, திங்க வாங்கோன்னு ஊதுவாளா?" என்றேன்.

"நினக்கு எல்லாத்திலயும் ஒரு குத்தம்" என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஊதியது. தெருவே தூக்குப் பாத்திரத்தோடு கடவுக்கு இறங்கியது. அடப்பிரதமன் பாயசம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சைரன் கேட்டதும் பக்கத்து வீட்டுக் குழந்தை மீனு "பாயசம், பாயசம்" என்று கைதட்டுகிறாள். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. மறுபடி சொன்னேன். "மழைக்காலத்துல நிறுத்திடலாம். சாரமில்லை, ஒண்ணும் ஆகாது" என்றார்.

நிறுத்த மாட்டார். எனக்குத் தெரியாதா இவரை?

பொன்னம்மையிடமும் சொன்னேன். "நான் ஆத்துலயே கெடக்கவ. எனக்கா தெரியாது மாமி?" என்றாள்.

ஜூன் 1, ஞாயிறு

பொன்னம்மை ஆஸ்பத்திரியில். உயிர் இருக்கிறது. எழுத வரவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

மலையில் விடாத மழையாம். ஞாயிறு காலை இங்கே தூறல்கூட இல்லை. சைரன் ஊதியது. பாயச நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், அவ்வளவுதான் வித்தியாசம். பொன்னம்மை, "இன்னைக்கு வெள்ளனமே ஊதிட்டானுவ" என்று சோப்புக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மண்டபத்துக் கீழ்ப்படியில் முதல் ஆளாக உட்கார்ந்தாள். அவளுக்கு மேலே படி படியாக நாங்கள்.

பாயச உருளி வரவில்லை. தண்ணீர் வந்தது. மேலே நின்றவர்கள் ஏறிவிட்டோம். அவளைப் புரட்டிக்கொண்டு போயிற்று. வளைவில் தாழம்புதரில் மாட்டியதால் பிழைத்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

கரையில் நின்று கத்துகிறேன், கையில் தூக்குப் பாத்திரம். ஆமாம், நானும்தான் எடுத்துண்டு போனேன். மாசக்கணக்கா இவர்கிட்ட கத்தினவள், அந்தச் சத்தம் கேட்டதும் அடுப்பை அணைச்சுட்டுப் பாத்திரத்தைத் தேடினேனே. சீ. என்ன ஜன்மம் நான்?

ஜூன் 5, வியாழன்

கமிட்டி ஆப்பிளோடு ஆஸ்பத்திரிக்குப் போனது. இவர் அவள் தலைமாட்டில் நின்று, கண்ணாடியைக் கழற்றி, முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டார். அவள் வலியில் முனகுகிறாள். "இன்னும் ஒண்ணு, சார்" என்கிறான் போட்டோ எடுக்கிறவன். அந்தப் போட்டோவை இவர் எனக்கும் அனுப்பியிருக்கிறார், பக்கத்து அறையிலிருந்து.

ஜூன் 11, புதன்

விசாரணை வருகிறது. சாதத்தில் மோரை ஊற்றிக்கொண்டே இவர் சொல்கிறார்: "சைரன் ஊதலைன்னு சொல்லிடு. தெருவுல எல்லார்கிட்டயும் பேசியாச்சு. கமிட்டிக்கு ஒண்ணும் வராது."

"அப்போ சைரன் ஊதின கிரீஷ்?"

"அவன் டெம்பரரி ஸ்டாஃப்தானே." பிறகு மோர்மிளகாய் கேட்டார்.

எழுந்து போய் வாந்தி எடுத்தேன். இந்த மனுஷன் தட்டைத்தான் இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்து நிரப்பினேனா?

ஜூன் 19, வியாழன்

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் சைரன் கேட்கவில்லை என்றார்கள். கூசாமல் சொன்னார்கள். கிரீஷ் தலையைக் குனிந்தபடியே இருந்தான்.

எனக்குக் கேட்டது என்றேன்.

கேட்டும் ஏன் கடவுக்கு இறங்கினீர்கள் என்று அதிகாரி கேட்டார்.

"பாயசம்னு நினைச்சு" என்றேன். யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. அப்படிப் பழக்கியது யார் என்றார்.

"என் ஆத்துக்காரர்."

ஜூன் 20, வெள்ளி

இவர் பெட்டியோடு வலியசாலையில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். ஃபேன் காற்று முழுக்க எனக்கு.

ஆகஸ்ட் 6, புதன்

கிரீஷுக்கு வேலை போகவில்லை. பாயசம் நின்றது. தெருவில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. அதுவும் ஒரு நிம்மதி. பொன்னம்மை போன மாதத்திலிருந்து இங்கே முன்னறையில்தான். வாக்கரைப் பிடித்துக் குளியலறை வரை நடக்கிறாள்.

சைரன் டெஸ்ட் இனி புதன்கிழமை. நேற்றே ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிப் போனார்கள். ஆனாலும் இன்று ஊதியதும் தெருவே அரண்டு மேட்டுக்கு ஏறிற்று. சிலர் செருப்புகூடப் போடவில்லை. எனக்கும் கால் வாசலுக்கு இழுத்தது.

பொன்னம்மையால் ஏற முடியாது. "டெஸ்ட்டுதான மாமி. நீங்க வேணும்னா போங்க" என்றாள்.

சொன்னாளே தவிர, என் கையை விடவில்லை. சைரன் ஓய்ந்து, எல்லோரும் திரும்பி வந்து, தெருவில் பேச்சுக்குரல் கேட்ட பிறகும் விடவில்லை.