மேடையேற்றியவன் மைனிக்கு எழுதுவது

என் பிரியத்துக்குரிய பியூலா மைனி,

நீங்கள் கர்த்தரிடம் போய்ப் பத்து மாதம் ஆகிறது. முதலில் வீட்டுச் சேதி. அண்ணன் கோவில் பாடகர் குழுவில் சேர்ந்துவிட்டார். இருபது வருஷம் நீங்கள் கெஞ்சியும் அசையாத மனுஷன், இப்போது ஞாயிறு தவறாமல் பின்வரிசையில் நின்று சுதி சேராமல் பாடுகிறார். பக்கத்தில் நிற்பவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். கேட்டால், "அவ கேட்டப்பவே சேந்திருக்கலாம்லா" என்கிறார்.

பள்ளிக்கூடத்தில் உங்கள் பெயர் இன்னும் 'மைனி டீச்சர்'தான். நான் செய்த வேலை அல்லவா அது! நீங்கள் தமிழாசிரியை, நான் அறிவியல் ஆசிரியர்; ஒரே பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷம். ஒருநாள் காலை பிரேயரில் உங்களை மேடைக்கு அழைக்கும்போது, வாய் தவறி, வீட்டில் அண்ணியைக் கூப்பிடுகிற பழக்கத்தில் மைக்கிலேயே "மைனி" என்று கூப்பிட்டுவிட்டேன். எண்ணூறு பிள்ளைகளும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாக நீங்கள்தான் சிரித்தீர்கள்.

ஆனால் இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. உங்களிடம் நான் மறைத்த விஷயம் ஒன்று இருக்கிறது. டெல்சி விஷயம்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் ஒன்பதாம் வகுப்பு. தருவைகுளத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அப்பா திரேஸ்புரம் வள்ளங்களில் சங்கு குளிக்கப் போகிறவர். டெல்சிக்குப் பேச்சு திக்கும். பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்குவாள், "உள்ளேன் ஐயா" சொல்லமாட்டாள். வகுப்பிலேயே அறிவியல் அவளுக்குத்தான் நன்றாக வந்தது.

அந்த வருஷம் அறிவியல் கண்காட்சிக்கு அவள் செய்துகொண்டு வந்ததை நீங்களும் பார்த்தீர்கள். ஒரு பெரிய பிளாஸ்டிக் பாட்டில் நிறையத் தண்ணீர், அதில் மிதக்கும் ஒரு இங்க் பில்லர். பாட்டிலை அமுக்கினால் பில்லர் அடிக்குப் போகும். விட்டால் மேலே வரும். அப்பா ஆழத்துக்குப் போகும்போது காது ஏன் வலிக்கிறது, தண்ணீர் அவரை எப்படி அமுக்குகிறது என்று இரண்டு பக்கம் எழுதி, அட்டையில் ஒட்டியிருந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படி ஒரு பிள்ளையின் அறிவு ஊருக்குத் தெரிய வேண்டாமா? ஒரு தடவை மேடை ஏறிவிட்டால் திக்கலும் ஓடிவிடும் என்று நானாக முடிவு செய்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டாள் என்று தெரியும்.

பரிசளிப்பு நேரம். பெற்றோர் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் மைக்கில் அவள் பெயரைச் சொல்லி, "இப்போ டெல்சியே வந்து விளக்குவாள்" என்றேன். அவள் வந்தாள். மைக் முன்னால் நின்றாள். "வணக்கம்" என்ற சொல்லின் முதல் எழுத்தைத் தாண்ட முடியவில்லை. அவள் திக்கியதை எழுத்தில் திக்கவைத்துக் காட்ட எனக்கு மனமில்லை. பின்னாலிருந்து யாரோ ஒருவன் அதே மாதிரிச் செய்துகாட்டினான். பிறகு சிரிப்பு. அவள் இறங்கி ஓடினாள். அவள் அப்பா எழுந்து பின்னாலேயே போனார்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு பையன் அதைப் போனில் பிடித்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டான். வள்ளத்தில் அப்பாவோடு போகிறவர்கள் வரைக்கும் பார்த்தார்கள். திங்கட்கிழமை டெல்சி வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை.

ஆசிரியர் அறையில் எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். "நீங்க நல்லதுக்குத்தான சார் செஞ்சிய" என்றார்கள். நீங்கள் மட்டும் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தீர்கள். சாயங்காலம் உங்கள் வீட்டில் காப்பி குடிக்கும்போதுதான் கேட்டீர்கள்.

"யாருக்கு நல்லது தம்பி?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மூன்று நாள் உங்களோடு பேசவில்லை. நாலாம் நாள் சாயங்காலம் என் வகுப்பு வாசலில் கைப்பையோடு நின்றீர்கள்.

"நாலரைக்கு தருவைகுளம் பஸ் இருக்கு. வாரியளா?"

"வாத்தியார் போயி பிள்ளைட்ட மன்னிப்பு கேக்கணுமாக்கும்?"

"கேக்காண்டாம். சும்மா வாங்க, பாத்துட்டு வருவோம்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே ஒன்று சொன்னீர்கள். அதுவரை நீங்கள் அதைச் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வீட்டுப்பாடம் எழுதாத ஒரு பிள்ளையை வெயிலில் முட்டுக்கால் போடவைத்தீர்களாம். அவள் மயங்கி விழுந்தாளாம்.

"ரெண்டு நாள்ல பள்ளிக்கூடம் வந்துட்டா. நானும் ஒண்ணும் நடக்காத மாதிரி பாடம் எடுத்தேன். அவ வீட்டுக்கு போணும் போணும்னு நெனச்சேன், போகல. இப்ப எங்க இருக்கான்னுகூட தெரியாது. அதான் ஒங்கள கூட்டிட்டுப் போறேன்."

தருவைகுளத்தில் உங்களுக்கு முன்னால் நான்தான் இறங்கினேன், நினைவிருக்கிறதா?

டெல்சியின் அம்மா நம்மை உட்காரச் சொல்லவில்லை. "பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டேங்கா சார். சோறுங் கேக்கமாட்டேங்கா. சொவர பாத்துகிட்டே கெடக்கா" என்றார். அப்பாதான் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சத்தம் போடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எங்க தொழில்ல, காது அடைக்குன்னு ஒருத்தன் கைய ஆட்டுனா, அன்னைக்கு அவன எறக்க மாட்டோம் சார். எம்புட்டு சங்கு கெடந்தாலும் சரி."

டெல்சி உள் அறையிலிருந்து வந்து, கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். நான் தொடங்கினேன். "ஒனக்கு நல்லது செய்யணும்னுதாம்மா..." நீங்கள் தொண்டையைச் செருமினீர்கள். அந்த ஒரு செருமலில் என் மிச்சப் பேச்செல்லாம் போய்விட்டது.

"நான் செஞ்சது தப்பும்மா. ஒன்ட்ட கேட்டிருக்கணும்" என்றேன்.

அவள் பேச வாயெடுத்தாள். சொல் வரவில்லை. நான் அதை எடுத்துக்கொடுக்கப் போனேன். நீங்கள் என் கையைப் பிடித்து அழுத்தினீர்கள். காத்திருந்தோம். ஒரு பிள்ளை பேசி முடிக்கும்வரை சும்மா இருப்பது இத்தனை கஷ்டம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"நீங்க எம்பேர சொல்லும்போதே நான் வேண்டாம்னு தலைய ஆட்டுனேன் சார். நீங்க பாக்கல" என்றாள்.

"பாக்கலம்மா" என்றேன்.

இதுதான் மைனி நான் மறைத்தது. நான் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் அவள் முகம் வெளுத்ததும், இரண்டு தடவை தலையை ஆட்டியதும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. கூச்சம், ஏறினால் சரியாகிவிடும் என்று ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, மறுபடியும் பெயரைச் சொன்னேன். அன்று உங்களையும் அவள் அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை ஒப்புக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், "நல்லா சொன்னிய தம்பி" என்று என் முதுகில் தட்டினீர்கள். அந்தத் தட்டு இன்னும் உறுத்துகிறது.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் பிரேயரில் நின்று தப்பு என்னுடையது என்று சொன்னேன். நீங்கள் வகுப்பு வகுப்பாகப் போய், மிரட்டாமல், பையன்களிடம் பேசி அந்த வீடியோவை அழிக்கவைத்தீர்கள். எல்லாப் போனிலிருந்தும் அழிந்ததா என்று யாருக்குத் தெரியும்? டெல்சி அடுத்த வாரம் வந்தாள். ஆனால் அந்த வருஷம் முழுக்க என் வகுப்பில் கையையும் தூக்கவில்லை. பத்தாம் வகுப்பில்தான், அதுவும் உங்கள் வகுப்பில்தான், முதலில் ஒரு சந்தேகம் கேட்டாள். அன்று மத்தியானம் ஒரு பொட்டலம் முந்திரி மக்ரூன் வாங்கிவந்து ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் கொடுத்தீர்கள். என்ன விசேஷம் என்று கேட்டவர்கள் கையில் இன்னொன்றை வைத்தீர்கள்.

இப்போது அவள் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். உங்கள் அடக்கத்தன்று வந்திருந்தாள். போன மாதம் ஒரு சான்றிதழுக்காகப் பள்ளிக்கூடம் வந்தாள். வராந்தாவில் உட்காரவைத்து, உங்களிடம் மறைத்த இந்த விஷயத்தை அவளிடம் சொன்னேன். நீ தலையை ஆட்டியதை நான் பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொன்னது பொய் என்றேன்.

"தெரியும் சார்" என்றாள். "பாத்துட்டுத்தான் சிரிச்சிய."

நான் அவள் பக்கம் திரும்பினேன். "தெரிஞ்சுமா அன்னைக்கு நான் பாக்கலன்னு சொன்ன?"

அவளுக்கு இன்னும் திக்குகிறது மைனி. ஆனால் அதற்காக அவசரப்படுவதில்லை. நிதானமாகச் சொல்லி முடித்தாள்.

"எங்கப்பா இருந்தாரு. டீச்சர் இருந்தாவ. அத்தன பேரு முன்னால ஒங்கள நிறுத்துனா எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும்லா சார்."

பதினாலு வயசு மைனி, அன்று அவளுக்கு. நான் செய்த காயம் ஆறவேயில்லை, அதற்குள் என்னைக் காயப்படுத்தக் கூடாது என்று யோசித்திருக்கிறாள். முப்பது வருஷம் சர்வீஸ் போட்ட எனக்கு வராதது அந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது? நீங்கள் இருந்தால் கேட்டிருப்பேன். நீங்களும் என்னை நன்றாக ஏசியிருப்பீர்கள். அந்த ஏச்சை வாங்காமலே போனதுதான் எனக்குக் குறை.

இதுவரை எழுதியதும், கடிதத்தை நாலு பேர் படிக்கக் கொடுக்கலாமா என்று அவளிடம் கேட்டேன். வாங்கிக்கொண்டு போய்ப் படித்துவிட்டு, இரண்டு நாள் கழித்துச் சரி என்றாள். பெயரை மட்டும் மாற்றச் சொன்னாள். டெல்சி என்பது அவளே தேர்ந்தெடுத்துக் கொடுத்த பெயர்.

வருகிற செவ்வாய்க்கிழமை, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நாலு ஆசிரியர்களுக்கு நான் பேச வேண்டும். மாணவருக்கு நன்மை செய்வது, தீங்கு செய்யாதிருப்பது. இதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. நல்லவர்கள், துடிப்பான பிள்ளைகள். ஆளுக்கொரு குழந்தையைக் கரையேற்றிவிட வேண்டும் என்று கண்ணில் வெளிச்சத்தோடு வந்திருக்கிறார்கள். எனக்கு அந்த வெளிச்சத்தைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது.

அவர்களிடம் நான் முதலில் சொல்லப்போவது, ஒரு பிள்ளை வேண்டாம் என்றதைப் பார்த்த பிறகும் அவளை மேடைக்கு அழைத்தவன் நான் என்பதைத்தான். பார்க்கவில்லை என்று பொய் சொன்னதையும் சேர்த்தே சொல்வேன். 'நல்லதுக்குத்தான்' என்று வாயில் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு மைனி.

என்றும் உங்கள் ஏச்சுக்குக் காத்திருக்கும் கொழுந்தன்,
செல்வின்