உன் பெட்டிக்குச் சொன்ன பொய்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று அடுத்த வரிக்குக் கை போனது, நிறுத்திக்கொண்டேன். பத்தொன்பது நாளாக உனக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வாயால் பாதி, காலால் பாதி. காலால் எப்படி என்று கீழே எழுதுகிறேன், உட்கார்ந்து படி. அம்மா இருக்கிறாள், பேசுகிறாள், என்னைத் திட்டுகிறாள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் குரலைக் கேட்டதும் எல்லாம் நல்லா இருக்கு என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. அம்மாவுக்குப் பிசியோதெரபி செய்ய வரும் பெண் இப்போது உள் அறையில் இருக்கிறாள். அவள் கிளம்புவதற்குள் சமையலறை மேசையில் உட்கார்ந்து இதை முடித்தாக வேண்டும், அம்மாவுக்குத் தெரிந்தால் கிழித்துப் போடச் சொல்வாள்.

ஆறு மாதத்துக்கு முன் நீ வந்து ஹால் மூலையில் தரையோடு தரையாக ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போனாய். கேமரா கிடையாது, தரை அதிர்வதை மட்டும் கேட்கும், நடையை வைத்தே அது அப்பாவா அம்மாவா என்று தெரிந்துகொள்ளும், யாராவது விழுந்தால் உடனே உனக்குச் செய்தி வரும் என்றாய். படிப்பு முடித்து ஒன்றிரண்டு வருஷமே ஆன பிள்ளைகளில் இருபது பேரைப் பொறுக்கி, பெரிய பெரிய ஆட்களே கை விட்ட பிரச்சினையை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, இரண்டு வருஷம் சம்பளமும் தந்து தீர்த்துக் காட்டு என்கிற அந்த ஃபெல்லோஷிப் உனக்குக் கிடைத்ததை, நான் பழுது பார்க்கப் போன லிஃப்டில் ஏறியவர்களிடமெல்லாம் சொன்னேன். நீ எடுத்துக்கொண்டது தனியாக வாழும் வயதானவர்கள். அந்தப் பட்டியலில் எங்களையும் சேர்த்துவிட்டாயே என்று அம்மாவுக்கு உள்ளூரக் கோபம். பெட்டிக்கு அவள் வைத்த பெயர் மாமியார். எனக்கு மாமியார் இல்லாத குறையை உங்க மக தீர்த்து வச்சுட்டா, மூலையில உட்கார்ந்துக்கிட்டு நான் எங்க போறேன் எங்க வரேன்னு கேட்டுக்கிட்டே இருக்கு என்பாள். நானும் சிரித்தேன்.

ஒரு நாள் அவள் கையிலிருந்து குக்கர் நழுவி விழுந்ததும் நீ பதறிப்போய் மீட்டிங்கிலிருந்து போன் செய்தாயே, ஞாபகம் இருக்கிறதா. உன் குரல் நடுங்கியதை அவளால் மறக்கவே முடியவில்லை. மறுநாளிலிருந்து சமையலறையில் பாத்திரம் புழங்கும் நேரத்தில் தரை அதிர்வு எட்டாதபடி பெட்டிக்கு அடியில் ஒரு பழைய துண்டை நாலாக மடித்து வைத்துவிடுவாள், வேலை முடிந்ததும் எடுத்துவிடுவாள். எனக்கு இது தெரியும். பிள்ளையை எதற்கு வீணாகப் பயமுறுத்துவது என்று நானும் சும்மா இருந்தேன். பத்தொன்பது நாளைக்கு முன்னால் ஒரு நாள் துண்டை எடுக்க மறந்துவிட்டாள். நான் பல்பு வாங்கக் கடைக்குப் போயிருந்தேன், போன இடத்தில் பழைய சூப்பர்வைசரைப் பார்த்துப் பேச்சில் நின்றுவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் குளியலறை வாசலில் கிடக்கிறாள். நாற்பது நிமிஷம் அப்படியே கிடந்திருக்கிறாள். மாமியாரைக் கூப்பிட்டுப் பார்த்தேன், அது திரும்பியே பார்க்கல என்றாள் என்னைக் கண்டதும். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு உனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். என் கண் ஆபரேஷன் சமயத்தில் உன் முதல் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து ஏழு மாதம் இருந்தாயே, அந்த வேலை போனது போனதுதான். இந்த வேலையும் போய்விடும், இந்த முறை வந்தால் அவள் திரும்பிப் போக மாட்டாள் என்று அழுதாள். வீட்டில் அவள் நடை கேட்காவிட்டால் உனக்குத் தெரிந்துவிடுமே என்பது அப்புறம்தான் உறைத்தது. ஆறு நாள் அவளை வார்டில் படுக்க வைத்துவிட்டு, அவள் நடந்துகொண்டிருக்கிறாள் என்று காட்டுவதற்காகக் காலையிலும் மாலையிலும் பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடி வந்தேன். துண்டை எடுத்துப் போட்டேன். முதலில் என் நடை நடப்பேன், பிறகு அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து அவள் நடை நடப்பேன். போனில் கேமரா கெட்டுவிட்டது என்று உன்னிடம் சொன்னதும் அந்த ஆறு நாளில்தான். இந்த வயதில் இப்படி ஒரு கூத்து. அடுத்த வாரம் நீ கூப்பிட்டு, அம்மா நடை முன்னைக்கு இப்ப சீரா இருக்குப்பா, கிராஃப்ல தெரியுது என்று சந்தோஷமாகச் சொன்னாய். போனை வைத்துவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்த பிறகு கட்டிலில் படுத்தபடி நான் நடப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். மூன்றாம் நாள் கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஃப்ரிட்ஜ் கிட்ட நான் கொஞ்ச நேரம் நிப்பேன். நீங்க நிக்காமப் போறீங்க. அவ கண்டுபிடிச்சிடுவா."

ஏன் நிற்பாய் என்று கேட்டேன். முட்டி பிடித்துக்கொள்ளும், இரண்டு வருஷமாக அப்படித்தான் என்றாள். எனக்குத் தெரியாது குட்டிம்மா. ஒரே வீட்டில் இருக்கிற எனக்குத் தெரியாது. பெட்டி வைத்த இரண்டாம் மாதமே, அம்மா ஏன் ஃப்ரிட்ஜ் பக்கத்துல நிக்கிறாங்க என்று நீ கேட்டாய், என்ன சமைக்கலாம்னு யோசிப்பா என்று நான் கேலி பேசினேன். உன் பெட்டிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. டாக்டரைக் கேட்டால் பிடித்துக்கொண்டு நாலடி வைத்தால் பெரிய விஷயம் என்கிறார். அவள் அதற்கும் ஆசைப்படுகிற மாதிரித் தெரியவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

நேற்று நீ அனுப்பிய செய்தியைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். வருகிற புதன்கிழமை ஃபெல்லோஷிப் குழுவின் முன் பேசப் போகிறாய், நம் வீட்டையும் சேர்த்துச் சோதனைக்கு எடுத்த முப்பது வீட்டில் ஒரு விழுதலைக்கூடப் பெட்டி தவறவிடவில்லை, அடுத்த மாதம் நானூறு வீட்டுக்குப் போகிறது என்று எழுதியிருந்தாய். லிஃப்ட் வேலையில் முப்பத்துநாலு வருஷம் இருந்தேன். மேலே மெஷின் ரூமில் ஒரு கார்டு தொங்கும், கயிறு, பிரேக் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் அதில் கையெழுத்துப் போட வேண்டும். கீழே டீக்கடையில் உட்கார்ந்தே கையெழுத்துப் போட்ட ஒருத்தனோடு இரண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவன் நான். இப்போது அம்மாவின் கார்டில் பத்தொன்பது நாளாகப் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த நானூறு வீட்டிலும் பிள்ளை பயந்துவிடுவாள் என்று ஒரு அம்மா துண்டு மடித்து வைப்பாள். உன் பெட்டி தரையைத்தான் கேட்கும், அம்மாக்களை அதற்குத் தெரியாது. எங்கள் வீட்டில் தவறவிட்டது என்று எழுது. துண்டையும் சொல், நான் செருப்பு மாட்டிக்கொண்டு நடந்ததையும் சொல், எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. வேலையை விட்டுவிட்டு மட்டும் ஓடி வராதே. நாலு நாள் லீவு போட்டு வந்து பார்த்துவிட்டுப் போ, அவள் கத்தினால் கத்தட்டும். உன்னைப் பார்த்தால் சுவரைப் பார்ப்பதை நிறுத்துவாளோ என்று எனக்கு ஒரு நப்பாசை.

என் மேல் கோபம் வந்தால் கோபப்படு, ஆனால் சாப்பாட்டில் காட்டாதே, காலையில் வெறும் வயிற்றோடு போகிற பழக்கத்தை விடு. நீ எடுத்த காரியம் நல்லபடியாக முடிய வேண்டும், நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், அம்மாவும் அதையேதான் சொல்வாள். கூரியர்காரர் சனிக்கிழமைக்குள் உன் கையில் கிடைக்கும் என்கிறார், ஞாயிறு வரைக்கும் இரண்டு பேர் நடையையும் நானே நடக்கிறேன். திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு உன் திரையில் ஒரே ஒரு நடைதான் வரும். பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதே குட்டிம்மா, அது சரியாகத்தான் கேட்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா